வயித்துக்குள்ள இருக்கிறவை

இல்லைப் பிள்ளை, அது இஞ்ச இல்லை. நெளுக்குளத்தில நிக்குது. ஓம், நீங்கள் தந்த அந்த நீல மூடிப் போத்தல்தான். எங்கட சம்பந்தி வீட்டு மதிலுக்கு மேல வைச்சிருக்கினமாம். எறியவும் பயமாம், நீங்கள் படிக்கிற கம்பஸ் பேர் போட்டுக் கிடக்குது, அரசாங்கச் சாமான், பேந்து கேள்வி வரும் எண்டு. வீட்டுக்க வைச்சிருக்கவும் ஏலாதாம். நீங்கள் முதல்ல அந்தக் கதிரையில இருங்கோ. ஐஸ் பெட்டியைக் கீழ வையுங்கோ, பாரமாக் கிடக்கும். கஜனி எண்டுதானே பேர்? ஓம், ஞாபகம் இருக்கு.

இவரோ? இவர் பின்னால கக்கூசுக்க. உங்கட ஸ்கூட்டிச் சத்தம் கேட்ட உடன ஓடினவர். புதுசா ஒண்டு எடுத்துத் தாறன் எண்டு பிள்ளையிட்டச் சொல்லும், வெறுங்கையோட அனுப்பிப்போடாதையும் எண்டு சொல்லிக்கொண்டே ஓடினவர். ஆனால் உடன வராது பிள்ளை. நேற்றுப் பின்னேரம் துடங்கி ஒண்டும் சாப்பிடேல்லை. சாப்பிடாத மனுசன் என்னத்தை எடுத்துத் தாறது? நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. எனக்கும் நல்லதாப் போச்சுது. உங்களிட்ட ஒரு உதவி கேக்கோணும், அவர் வெளியில வர முந்திக் கேக்கோணும்.

கேக்கிறன், கேக்கிறன். முதல்ல போத்தல் நெளுக்குளம் போன கதையைச் சொல்லாட்டி நீங்கள் எங்களை என்ன சனம் எண்டு நினைப்பீங்கள்.

அண்டைக்கு நீங்கள் சொன்னனீங்கள் எல்லே, குளிருக்க வைச்சிருங்கோ, ரெண்டு மூண்டு நாளில வந்து எடுக்கிறம் எண்டு. நான் இவருக்குச் சொல்லிப்போட்டன், என்ர பிரிட்ஜுக்க உது போகாது, கோயிலுக்குக் குடுக்கிற பால் அதுக்கதான் நிக்குது எண்டு. இவர் என்ன செய்தார் தெரியுமே? நான் கிணத்தடிக்குப் போன நேரம் பாத்து, வெறும் தயிர் முட்டியொண்டைக் கழுவி, போத்தலை அதுக்குள்ள வைச்சு, மேல பேப்பர் போட்டு, நூல் சுத்தி, கடைக்காரன் கட்டுற மாதிரியே கட்டி, மற்ற முட்டியளோட சேத்து வைச்சிட்டார். மற்ற முட்டியள் ஏனோ? அதுவும் உங்களாலதான். தயிர் வயித்துக்கு நல்லது எண்டனீங்களாம். மனுசன் விசுவமடுச் சந்தியில ஒரு கடையையே காலியாக்கிப்போட்டார்.

அண்டைக்கெண்டு குகதாசனண்ணையும் பத்மாசனியும் வந்தவை. எங்கட மகன் சிவகரன்ர மாமன் மாமி. மகனும் மருமகளும் கனடாவில, இவை வவுனியாவுக்குக் கிட்ட நெளுக்குளத்தில. வற்றாப்பளை அம்மனிட்டப் போயிட்டுத் திரும்பிற வழியில இறங்கினவை. இவர் வயலுக்க. இஞ்ச இருந்து போற ஆக்களை ஒரு தயிர் முட்டி இல்லாமல் அனுப்பேலுமே? நான் பிரிட்ஜைத் திறந்து, இருக்கிறதுக்க வடிவாக் கட்டினது எதெண்டு பாத்து எடுத்துக் குடுத்தனான். பாரமில்லாமல் கிடக்கே எண்டு ஒருக்கா யோசிச்சனான்தான். ஆனால் இப்பத்தையக் கடைக்காரர் தயிரைக் குறைக்கிறவைதானே. பத்மாசனி பாவம், பஸ்ஸில சரிஞ்சிடும் எண்டு அதை வவுனியா வரைக்கும் மடியில வைச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு போனவா.

அடுத்த நாள் மத்தியானம் குகதாசனண்ணை போன். நான் ஸ்பீக்கர்ல போட்டனான். தங்கச்சி, முட்டிக்குள்ள சின்னப் போத்தலொண்டு கிடக்கு, சம்பந்தியின்ர பேர் வயசெல்லாம் எழுதி, கம்பஸ் முத்திரையும் போட்டிருக்கு, இது சம்பந்தி சொல்லிக்கொண்டு திரியிற அந்த நல்ல கிருமி உறைதானே எண்டு கேக்கிறார். ஒரு லீற்றர் பாலுக்கு எவ்வளவு போடுறதாம். கரண்டிக் கணக்கோ, சொட்டுக் கணக்கோவாம். பாலும் காய்ச்சி ஆற வைச்சிருக்கினமாம்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நான் ஸ்பீக்கரை நிப்பாட்டிறதுக்கிடையில, இவர் கையில இருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டு உடைச்சுப்போட்டு, திறவாதேங்கோ, திறவாதேங்கோ, அது நான், அது நான் எண்டு கத்துறார். அது நானாம்! அங்கால பத்மாசனியின்ர குரல் தூரத்தில கேட்டது, மடியிலயெல்லோ வைச்சுக் கொண்டு வந்தனான் எண்டு. அண்டையில இருந்து அவையின்ர வீட்டில இவர் பேர் எடுக்கக் கூடாது.

நான் உங்களைக் குறை சொல்லேல்லை. சில மாதத்துக்கு முந்தி முதல் தரம் வந்தண்டைக்கே நீங்கள் வடிவாத்தான் சொன்னனீங்கள், நானும் வாசல்ல நிண்டு கேட்டனான். எங்கட சனத்தில வருசக்கணக்கா விரதம் பிடிச்ச வயசாளியளின்ர வயித்துக்க என்னென்ன கிருமி இருக்குதெண்டு பாக்கப் போறம், வயிறு காயேக்க சிலது குறைஞ்சு சிலது கூடும், அதால வயசு போனாலும் உசாரா இருக்கலாம், ஆனால் இன்னும் நிச்சயமாச் சொல்லேலாது எண்டனீங்கள். வசனத்துக்கு வசனம் இருக்கலாம், இருக்கலாம் எண்டனீங்கள். இவருக்கு அந்த இருக்கலாம் மட்டும்தான் கேக்கேல்லை. மிச்சமெல்லாம் கேட்டது.

அண்டையோட துடங்கின ஆய்க்கினை. முதல்ல கிருமி எண்ட சொல்லை வீட்டில நிப்பாட்டிப்போட்டார். ஒரு மனுசனுக்கு ஆயுள் குடுக்கிறவையை அப்பிடிச் சொல்லக் கூடாதாம். அவை எண்டு மரியாதையாச் சொல்லோணுமாம். காலமை எழும்பின உடன, அவை எழும்பீட்டினம் எண்டுறார். மத்தியானம், அவைக்கு உறைப்புக் கூடிப் போச்சுது எண்டுறார். அவை இண்டைக்குக் கொஞ்சம் கோவமா இருக்கினம் எண்டு வயித்தைப் பொத்திக்கொண்டு நிக்கிறார். எனக்குக் கலியாணம் கட்டின நாளில இருந்து இவ்வளவு மரியாதை தந்தவர் இல்லை.

இவர் கன காலம் கமக்கார அமைப்புத் தலைவரா இருந்தவர். வாய்க்கால் தண்ணி ஆருக்கு எப்ப விடுறது எண்டு முறை வைச்சுப் பழகின ஆள். அதே கணக்கை வயித்துக்கும் கொண்டு வந்திட்டார். நல்லவைக்கு முறை வைச்சு விடோணுமாம், கெட்டவையின்ர வாய்க்காலைப் பூட்டோணுமாம். மேல இருக்கிறவை எல்லாத்தையும் இழுத்திட்டா கடைசியில இருக்கிறவை காய்வினமாம். சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்து வயித்தைத் தடவித் தடவி, பொறுங்கோ, எல்லாருக்கும் வரும், ஒருத்தரும் சண்டை பிடிக்க வேண்டாம் எண்டு சொல்லுறார். கூட்டத்தில கதைக்கிற அதே குரல்.

பக்கத்து வளவு செல்வராசாண்ணை இருக்கிறாரே, அவர் யூடியூப்பில பாத்தாராம், வெளிநாட்டில ஒராளின்ர வயித்தில இருக்கிறதை எடுத்து மற்றாளின்ர வயித்துக்க மாத்தி விடுகினமாம் எண்டு. மெய்தானோ? ஓ, மெய்யே! நான் விசர்க்கதை எண்டெல்லோ நினைச்சனான். அவர் ஒரு நாள் விதைநெல்லுக்கு வாற மாதிரி வந்து படலையடியில நிக்கிறார், தலைவர், உங்கட ஆக்களில கொஞ்சம் எனக்கும் தரேலுமோ எண்டு. ஓம் எண்டும் சொல்லாமல் இல்லை எண்டும் சொல்லாமல், முதல்ல உங்கட நிலத்தைப் பண்படுத்தும், பேந்து பாப்பம் எண்டு அனுப்பி விட்டவர் எங்கட தலைவர். செல்வராசாண்ணையும் அண்டைக்கு இரவுச் சாப்பாட்டை விட்டவராம். மனுசி வந்து என்னோடதான் சண்டை பிடிச்சவா.

அதோட நிண்டதே? என்ர தமையன் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனம். சனமெல்லாம் பந்தியில இருக்குது, சாப்பாடு வரச் சுணங்கிப் போச்சுது. இவர் மணிக்கூட்டைப் பாத்துப்போட்டு எழும்பி, எங்கட நேரம் முடிஞ்சுது, அவை இப்ப ஓய்வெடுக்கினம் எண்டுறார். என்ர மச்சாள் ஜெகதீஸ்வரி, ஆரோ பின்னால வருகினம், எங்கயோ ஆறிக்கொண்டு நிக்கினம் எண்டு நினைச்சு, இவரின்ர இலைக்குப் பக்கத்தில இன்னும் ரெண்டு இலை போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவா. மச்சாளுக்கு நான் என்ன சொல்லுறது? செத்த வீட்டுச் சனத்துக்கு முன்னால?

இதுக்க பெரிய பகிடி என்னெண்டா, இந்த வீட்டில விரதம் எண்டு பிடிச்சது ஆர்? நான். இவர் கந்தசஷ்டிக்கு ஏதோ பால் பழத்தோட சமாளிக்கிறவர், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் கேதாரகௌரி? கலியாணம் கட்டின வருசம் துடங்கி விட்டதில்லைப் பிள்ளை. ஆருக்கு? இவருக்கு ஆயுள் வேணுமெண்டு. சண்டை நேரம் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ இருக்கேக்கயும் பிடிச்சனான். காப்பு நூல் கிடைக்கேல்லை, உரப்பை தைச்சிருந்த நூலை உருவி மஞ்சள் பூசிக் கையில கட்டினனான். சாப்பாடு இல்லாததால சும்மாவே பட்டினிதான், ஆனாலும் அந்தப் பட்டினி வேற, இது வேற எண்டு அம்மனுக்குச் சொல்லிப்போட்டுத்தான் கிடந்தனான். இப்ப இவர் தானே தன்ர ஆயுளை உழைச்ச மாதிரி ஊரெல்லாம் கதை.

இந்த வருசம் நான் காப்புக் கட்டேல்லை. இவருக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான். அவரே சொல்லிப்போட்டார், விமலா, நீர் இனி விடும், என்ர ஆயுளை நானே பாக்கிறன் எண்டு. பாருங்கோ பெரிய மனசை.

ஏனோ? ஏலேல்லைப் பிள்ளை. அதை விடுங்கோ. நான் இப்ப உதவிக்கு வாறன்.

என்னெண்டா, இவர் பிடிக்கிறது விரதமில்லை. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். நான் வீட்டில நிண்டா பின்னேரம் வெள்ளணவே புட்டும் கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டுப்போட்டுத்தான் வாய்க்காலைப் பூட்டுறவர். நேற்றும் அப்பிடித்தான். நான் நெளுக்குளம் போற நாளிலதான் முழு நாள் விரதம், பெரிய விரதம். ஏன் தெரியுமே? மனுசனுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. நாலு ஏக்கர் விதைச்சு, வெட்டி, நெல்லைத் தூத்தி, மூட்டையாக் கட்டி வீட்டுக்குள்ள கொண்டுவந்து அடுக்குவார். அது பேந்து சோறாகிறது எப்பிடி எண்டு கேட்டா, அது உங்கட பகுதி எண்டுவார். உப்பு எந்தப் போத்தலுக்க இருக்குதெண்டு தெரியாது. ஒரு நாள் பால் காய்ச்சச் சொன்னனான், காஸைத் திறந்து விட்டிட்டு நெருப்புப்பெட்டி வாங்கக் கடைக்குப் போயிட்டார்.

போன மாதம் நான் நெளுக்குளத்தில ரெண்டு நாள் நிண்டிட்டு வாறன், குசினியில வைச்சிட்டுப் போன சோறு அப்பிடியே புளிச்சு நுரைச்சுக் கிடக்குது. கறிச்சட்டி மூடி திறக்கேல்லை. இவர் கதிரையில சாஞ்சு கிடக்கிறார், கண்ணெல்லாம் உள்ளுக்க போயிட்டுது. என்னப்பா எண்டன். அவை இண்டைக்கு நல்ல சந்தோசமா இருக்கினம் எண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது பிள்ளை. சோறு இருந்தும் போட்டுத் தின்னத் தெரியாமல் கிடந்திட்டு, அதுக்கு விரதம் எண்டு பேர் வைச்சிட்டார். பசிக்குது எண்டு சொல்லுற மனுசனுக்கு ஆரும் ஒரு பிடி சோறு குடுப்பினம். விரதம் எண்டு சொல்லுறவருக்கு ஆர் குடுக்கிறது? கும்பிட்டுப்போட்டெல்லோ போவினம்.

அதுதான் கேக்கிறன். இவர் என்ர சொல்லைக் கேக்கார், மகன்ர சொல்லைக் கேக்கார். உங்கட சொல்லைக் கேப்பார், நீங்கள் அவையின்ர ஆள். இப்ப வந்த உடன நீங்கள் சொல்லோணும், ஐயா, புதுசா ஒண்டு கண்டுபிடிச்சிருக்கு, தன்ர கையால அரிசி களைஞ்சு, தன்ர கையால உலை வைச்சுச் சாப்பிடுறவரின்ர வயித்தில இருக்கிறவைதான் நீண்ட காலம் இருப்பினமாம் எண்டு. கையில இருக்கிறவையும் வயித்தில இருக்கிறவையும் சொந்தக்காரராம். மற்றாக்களின்ர கையால தின்னத் தின்ன வெளியாக்கள் உள்ளுக்க வந்து வேலியைத் தள்ளிப் போட்டுக் காணிச் சண்டை துடங்கிடுவினமாம். காணிச் சண்டை எண்டு கட்டாயம் சொல்லுங்கோ. அது அவருக்கு வடிவா விளங்கும்.

பொய்யோ? ஆராய்ச்சியில இல்லாததைச் சொல்லக் கூடாதோ? சரி, அப்ப இருக்கலாம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் எல்லாத்துக்கும் அதைத்தானே சொல்லுறனீங்கள். சமைச்சா நல்லதா இருக்கலாம். இதில என்ன பொய்? சமைச்சா நல்லதுதானே? உங்கட படிப்புக்கு ஒரு குறையும் வராது. அவருக்கு எப்பிடியும் இருக்கலாம் எண்டது கேக்காது.

என்னப்பா? ஓம், பிள்ளை இஞ்சதான் இருக்கிறா! போகேல்லை! நீங்கள் ஆறுதலா இருங்கோ! ஆ? தண்ணியோ? குடியுங்கோ, குடிச்சுப் பாருங்கோ!

கேட்டனீங்களோ? தண்ணி குடிச்சா அவைக்கு உதவியா இருக்குமோவாம். எத்தினை வயசு மனுசன் பாருங்கோ.

என்னட்டையோ? என்ரையும் வேணுமோ? நான்தானே கூடக் காலம் பிடிச்சனான் எண்டோ. அது சரி, முந்தியே கேட்டிருந்தா நான் முட்டிக்க வைக்காமல் ஒழுங்காத் தந்திருப்பன். ஆனால் இப்ப என்ர சரிவராது. மருந்துக் குளிசை போடுற ஆக்களின்ர எடுக்கிறேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் போடுறன். வெறும் வயித்தோட போடவும் கூடாதாம், அதாலதான் காப்பும் கட்டேல்லை. பிரசருக்கோ? இல்லை. சீனி வருத்தமும் இல்லைப் பிள்ளை, நான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுத்தான் குடிக்கிறனான்.

ஈரல்ல ஏதோவாம். அங்கதான் துடங்கினதாம், இப்ப அங்க மட்டும் நிக்கேல்லையாம். நெளுக்குளம், நெளுக்குளம் எண்டு நான் போறது வவுனியா ஆஸ்பத்திரிக்குத்தான். பத்மாசனிக்குத் தெரியும், அவதான் கூட வாறவா. வேற ஒருத்தருக்கும் தெரியாது. டொக்டர் பெடியன் நல்ல பிள்ளை, ஒளிக்காமல் சொன்னவன். தைப்பொங்கல் பொங்குவீங்கள் அம்மா எண்டவன். சித்திரை வருசத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

இப்ப கார்த்திகை. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கப் பழக்க அவ்வளவு காலம் காணும்தானே?

அவருக்குச் சொல்லலாம்தான். நான் யோசிக்காமல் இல்லை. சொன்னா அவர் குசினிப் பக்கம் வரமாட்டார், என்ர கட்டிலடியில இருந்திடுவார். பிறகு நான் போக, அந்தக் கதிரையிலயே இருந்து, அவை சந்தோசமா இருக்கினம், அவை சந்தோசமா இருக்கினம் எண்டு சொல்லிக்கொண்டே பட்டினியில போயிடுவார். ஊரும் நல்ல சாவு எண்டும். சிவகரன் கூப்பிடுவான்தான், வயலை விட்டுப்போட்டு இவர் கனடாவுக்குப் போற ஆளே? எனக்கு இவர் இருக்கோணும் பிள்ளை. நல்லா, உசாரா, கன காலம் இருக்கோணும். எவ்வளவு பசி கிடந்து அம்மனிட்டக் கேட்டது. அதை ஒரு அடுப்பு மூட்டத் தெரியாததுக்காக விடேலுமே?

ஐயோ, என்ன நீங்கள், அழாதேங்கோ. முகத்தைத் துடையுங்கோ. கதவு திறக்கிற சத்தம் கேக்குது. இந்தாங்கோ, என்ர சீலைத் தலைப்பாலயே துடையுங்கோ. முதல் நாளே கறி, சொதி எண்டு வெருட்டிப்போடாதேங்கோ. சோறு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்.

இஞ்சேருங்கோ, கையை நல்லாச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வாங்கோ! பிள்ளை உங்களுக்கு ஏதோ புதுசாக் கண்டுபிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாவாம்.